கீழ் டிவிசன்: ஒன்று

அட்டவணையில் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருப்பார்களே, அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். அறிக்கை வேலை தொடங்கும் மாதம் வந்தாலே, "நட்சத்திரக்காரி வாறா, ஓடுங்க" என்று என் முகத்துக்கு நேரே கேலி செய்வார்கள்.

நான் வேலை செய்வது பதுளையில், இரண்டு அறையும் ஒழுகுகிற கூரையுமாக இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில். ஊவா மாகாணத்துப் பெண்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, பெண்கள் உரிமை குறித்து வெளிவரும் அரசாங்க அறிக்கைக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. எத்தனை பெண்கள் முறைப்பாடு செய்தார்கள், எதைப் பற்றிச் செய்தார்கள், என்ன தீர்வு கிடைத்தது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுவோம். அந்த அறிக்கைக்கு ஒரு விதி உண்டு. ஒரு கட்டத்தில் வருகிற எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் எண்ணைப் போடக்கூடாது, நட்சத்திரம் போட வேண்டும். நாலு பேர் என்றாலும் நட்சத்திரம்தான், ஒருத்தி என்றாலும் நட்சத்திரம்தான். சொன்னவள் யார் என்று வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். நகரங்களுக்கு எண் இருக்கும். கிராமங்களுக்கும் பெரும்பாலும் எண் இருக்கும். தேயிலைத் தோட்டம் என்று வந்த இடத்திலெல்லாம் நட்சத்திரம் மின்னும். தோட்டத்துப் பெண்கள் முறைப்பாடு செய்வதே அபூர்வம். ஒருத்தியோ இரண்டு பேரோ துணிந்து வாயைத் திறந்தாலும் நட்சத்திரம் அவர்களை விழுங்கிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று வருஷா வருஷம் கத்துவேன். கத்திவிட்டு, அந்த நட்சத்திரங்களை நானே உட்கார்ந்து தட்டச்சுச் செய்வேன்.

மாகாணம் முழுவதற்கும் சேர்த்து ஒரு விகிதம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற நினைப்பு. அது எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருந்தால்தான். பதுளை டவுனில் கடைக்காரர் வீட்டுப் பெண்ணும், எல்லவில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ரூம் விடுகிற பெண்ணும், மடுல்சீமை மலையில் கொழுந்தெடுக்கிற பெண்ணும் ஒரே பானை இல்லை. நான் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். எங்கள் அம்மா கல்யாணமான நாளிலிருந்து முட்டி தேயும் வரைக்கும் கொழுந்தெடுத்தார். அந்த மாகாண விகிதத்துக்குள் அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்ப்பேன். இருக்கமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தகவல் திரட்ட மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனேன். எந்தத் தோட்டம் என்று இப்போது சொல்லமாட்டேன், அந்தப் புத்தி பட்ட பிறகுதான் வந்தது. பசறை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஆட்டோ, ஆட்டோக்காரர் "இதுக்கு மேல ஏறாதுங்க" என்று இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடை. அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஐந்து லயங்கள் இருந்தன. கொழுந்துக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் இருப்பார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா எனக்குப் பழக்கம். அவர்தான் பாய் விரித்து, எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

வேலை செய்கிற இடத்தில் யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா என்று கேட்டேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எல்லாம் நல்லாத்தான் போகுதுங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அட்டைக் கடி, உடைந்த ரோடு, வராத தண்ணீர் என்று அதற்குப் பிறகு மளமளவென்று பேசினார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி திரும்பி வந்தாள். முப்பது வயதிருக்கும். பிள்ளையின் துவாயை மறந்துவிட்டேன் என்றாள். துவாய் அவள் தோளிலேயே கிடந்தது. ஆயாம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறகு எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

"மிஸ், அந்தப் பேப்பர்ல பேரு எழுதுவீங்களா?"

"பேரு எழுத மாட்டோம் தங்கச்சி. எத்தனை பேருன்னு மட்டும்தான்."

"நான் ஒருத்திதான சொல்றேன்?"

"அப்ப ஒண்ணுன்னு இருக்கும். அது நீங்கதான்னு யாருக்கும் தெரியாது."

எத்தனையோ பெண்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். வாய்ப்பாடு மாதிரி வாயில் வந்துவிடும்.

அவள் சொன்னது கணக்கப்பிள்ளையைப் பற்றி. காலையில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதும், மலையில் நின்று வேலையை மேற்பார்ப்பதும் அவன்தான். பனி மூடுகிற நாட்களில் நிரையின் கடைசி முனையில் அவளை நிறுத்துவானாம். கொழுந்தைப் பார்க்கிற மாதிரி பின்னால் வந்து நிற்பானாம். "கூடைதான் முதுகுல இருக்கே, எப்படித் திரும்புறது மிஸ்?" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனை தடவை நடந்தது என்று மட்டும் படிவத்துக்காகக் கேட்டேன். "பனி எறங்குற நாளெல்லாம்" என்றாள். அப்படி ஒரு கட்டம் என் தாளில் இல்லை. 'தொடர்ச்சியாக' என்பதற்கு நேரே சரி போட்டேன்.

"வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது மிஸ். தெரிஞ்சா அந்தாளை வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போயிருவாரு. இல்லாட்டி என்னைய விட்டுட்டுப் போயிருவாரு. எதைப் பண்ணுவாருன்னு எனக்கே தெரியல." பிறகு, தன் ஆசையைச் சொல்வதற்கே வெட்கப்படுகிற மாதிரி சொன்னாள். "அந்தாளை வேற டிவிசனுக்கு மாத்திட்டாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் நம்பினேன்.

பதுளைக்குத் திரும்பியதும் எங்கள் பொறுப்பதிகாரி மேடத்தோடு சண்டை தொடங்கியது. சிங்களவர், அமைதியானவர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம், சண்டையும் அதில்தான். இந்த முறை தோட்டங்களுக்கு நட்சத்திரம் போடமாட்டேன், டிவிசன் வாரியாக எண் போடுவேன் என்றேன். விதியை எடுத்துக் காட்டினார். உங்கள் விதி எங்களை மறைக்கத்தான் இருக்கிறது என்றேன். மடுல்சீமைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகப் போடலாமே, ஐந்துக்கு மேலே வந்துவிடுமே என்றார். அது ஆற்றிலே கரைத்த புளி என்றேன். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று தெரியாவிட்டால் எந்தத் துரை பதில் சொல்லுவான்? இடம் தெரியாத எண் யாரையும் சுடாது. இன்றைக்கும் அந்த வாதத்தில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை, அதுதான் என்னைத் தின்கிறது.

"அந்த டிவிசனில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள்?" என்று மேடம் கேட்டார்.

"நாற்பது."

"நாற்பதில் ஒருத்தி யார் என்று கண்டுபிடிக்க முடியாதா?"

"உங்களுக்குத் தோட்டம் தெரியாது மேடம்" என்றேன். வாய்க்கொழுப்பு என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அது எனக்குக் கொஞ்சம் அதிகம். அவர் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசிப் பேசியே அவரைக் களைக்க வைத்தேன். கடைசியில், "உன் இஷ்டம். உன் ஆட்கள், உனக்குத்தான் தெரியும்" என்று விட்டுவிட்டார்.

அறிக்கை மூன்று மொழியிலும் அச்சாகி வந்தது. தமிழ்ப் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர், அதற்கு நேரே கீழ் டிவிசன், அதற்கு நேரே 'வேலைத்தளத்தில் மேற்பார்வையாளரின் பாலியல் தொந்தரவு', அதற்கு நேரே 1. நட்சத்திரம் இல்லை. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, இதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வைத்துத் தோட்டத்துக்கு அனுப்பினேன். கடிதத்தை நானே எழுதினேன். காரசாரமாக இருந்தது.

மறு வாரம் ஆயாம்மா போன் எடுத்தார்.

"என்னா மிஸ் இப்படிப் பண்ணிப்புட்டீங்க? இன்னிக்குப் பெரட்டுல ஒங்க பேப்பரை வாசிச்சிட்டாங்களே!"

"யாரு வாசிச்சது?"

"வேற யாரு? கணக்கப்பிள்ளைதான். கீழ் டிவிசன், ஒண்ணுன்னு வாசிச்சிட்டு, 'யாரும்மா அந்த ஒண்ணு, கையத் தூக்குங்க பாப்போம்'னு சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. ஆம்பளைங்க எல்லாரும் நின்னாங்க மிஸ்."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம். தோட்டத்து ஆபீசுக்கு எந்தத் தாள் வந்தாலும் அது பெரட்டுக்கு வரும். தடுப்பூசி போடுகிற நாள், திருவிழா லீவு, காணாமற்போன பசு மாடு, எல்லாவற்றையும் அங்கேதான் வாசிப்பார்கள். வாசிப்பது கணக்கப்பிள்ளையின் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். அடுத்த காம்பராவில் ஒருவர் தும்மினால் இந்தக் காம்பராவிலிருந்து 'நூறு' என்று வாழ்த்துகிற லயத்தில் வளர்ந்தவள் நான். நாற்பது பேரில் ஒருத்தியை அவர்கள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா? தோட்டம் தெரியாது என்று மேடத்தைச் சொன்னேனே, தோட்டத்தை மறந்தவள் நான்தான். நட்சத்திரத்தின் மேலிருந்த கோபத்தில், நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றவளை இழுத்து வெளியில் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பசறையில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள் என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த வார்த்தையை வைத்து அவள் என்ன செய்வாள்?

கீழ் டிவிசனுக்கு இறங்கும் பாதையில் தண்ணீர் பிடிக்கிற பீலி இருக்கிறது. அங்கே குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். நரை விழுந்தவள், பேரப்பிள்ளை எடுத்தவள். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நினைவு.

"நான் ஒங்ககிட்ட வாயே தொறக்கலையே மிஸ். அப்புறம் எப்படி என்னைய எழுதுனீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. "அது நீங்க இல்லக்கா" என்றேன்.

"நான் இல்லாம வேற யாரு?" என்று கேட்டவள், கேட்ட பிறகுதான் தான் சொன்னது என்ன என்று உணர்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைத் தூக்காமலே போய்விட்டாள்.

முதல் லயத்தின் முனையில் இன்னொருத்தி. இருபது வயதுகூட இருக்காது. "மிஸ், எனக்குத் தையில கல்யாணம். அந்த ஒண்ணு நாந்தான்னு மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுரும். ஒங்களுக்கு யாரு சொன்னது?" யாரும் சொல்லவில்லை, அது நீயில்லை என்றேன். நம்பவில்லை. கூட்டத்துக்கே வராதவள் அவள். மூன்றாவது ஒருத்தி ஒன்றுமே கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழிச்சிருங்க மிஸ், அழிச்சிருங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். பாதை நடுவில் இரண்டு பேரும் நின்று அழுதால் யார் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தில் அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

நான் எழுதியது ஒன்று. வாசித்த அன்றைக்கே அது நாலாகிவிட்டது. முதலில் சொன்னவளோடு சேர்த்து, என்னிடம் வந்தவர்கள் மட்டும் நாலு. இன்னும் ஒருத்தி சொல்லியிருந்தால் நட்சத்திரமே தேவைப்பட்டிருக்காது, விதிப்படியே எண் போட்டிருக்கலாம். அந்த நேரத்திலும் மனது இப்படிக் கணக்குப் போட்டதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்குத் துவாயோடு வந்தவளின் வீட்டுக்கு நேராகப் போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளின் கிளினிக் அட்டையைப் பார்க்க வந்ததாகச் சொல்லி ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினேன். அவள் காம்பரா நாலாவது லயத்தில். கணவன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்து பிளந்தான். உள்ளே அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கோடரி விழுகிற சத்தத்துக்கு நடுவே பேசினோம். சத்தம் நின்றால் நாங்களும் அட்டையைப் பற்றிப் பேசினோம்.

"காலையில இருந்து கேக்குறாரு, அந்த ஒண்ணு நீயான்னு. ஏசலை, அடிக்கலை. சோறு மட்டும் திங்கலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன். நம்பலை. சின்னவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன் மிஸ்."

பாயில் கிடந்த அந்தச் சின்னவன் ஒரு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான். பிள்ளையின் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் அவனைப் பார்க்கவே பயந்தாள். தூக்கிக்கொள்ளப் போவதும் கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தாள்.

எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் கொட்டினேன். பொலிசுக்குப் போவோம், நான் கூட வாறேன் என்றேன். "அங்க சிங்களத்துல எழுதிக் கையெழுத்து வாங்குவாங்க, என்னா எழுதுனாங்கன்னு தெரியாது. ஒங்க பேப்பரு தமிழ்லதான இருந்துச்சு, அதே இந்தப் பாடு படுத்துது" என்றாள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லுவோமா என்றேன். தலைவர் அந்தாளுக்கு மச்சான் முறை என்றாள். பதுளைக்கு வந்துவிடு, தங்க இடம் பார்க்கிறேன் என்றேன். வேலைக்குப் போகாவிட்டால் காம்பரா போய்விடும், மாமியாரையும் பிள்ளைகளையும் எங்கே வைப்பது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். இதையெல்லாம் அவள் எனக்கு முன்பே யோசித்து முடித்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணு பண்ணுங்க மிஸ்" என்றாள். "அந்த ஒண்ணு இல்லவே இல்ல, தப்பா வந்துருச்சுன்னு எழுதி அனுப்புங்க. அதையும் பெரட்டுல வாசிக்கட்டும். இல்லவே இல்லைன்னு ஆயிருச்சுன்னா என் சத்தியமும் பொய்யில்லதான?"

"அப்படி எழுதினா அந்தாளை மாத்தவே முடியாதும்மா."

"தெரியும்" என்றாள். வெளியே கோடரிச் சத்தம் நின்றது. "தடுப்பூசி அடுத்த மாசங்களா மிஸ்?" என்று சத்தமாகக் கேட்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதை கேட்டிருக்கிறேன். நான் பிடித்தது குரங்குகூட இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வந்தேன். உண்மையான ஒரு எண்ணை, இத்தனை வருஷத்தில் நான் போராடி அச்சில் ஏற்றிய ஒரே எண்ணை, பொய் என்று நானே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவள் குடும்பம் போகும். எழுதினால் அவன் இருப்பான், பனியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எந்தப் பக்கம் புரண்டாலும் முள்.

மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கடிதம் போனால், இனி அந்தத் தோட்டத்தைப் பற்றி நாம் எதை எழுதினாலும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எழுது."

எழுதினேன். அனுப்பப்பட்ட அட்டவணையில் அச்சுப் பிழை ஏற்பட்டுள்ளது. குறித்த பிரிவிலிருந்து எந்த முறைப்பாடும் கிடைக்கவில்லை. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பெரட்டில் வாசித்தால் எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான கடிதம் நான் எழுதியதில்லை. நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பொறுப்பதிகாரி போட்டால்தான் செல்லும் என்று மேடம் பேனாவை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் பொய்க்குப் போட்ட முதல் கையெழுத்து என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் கேட்டது அந்த ஆளை மாற்றச் சொல்லி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தயாரித்துக் கொடுத்தோம்.

தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. வாசிக்காமல் மேசைக்குள் போட்டுவிட்டால்? நானே கொண்டுபோய்த் தோட்டத்து ஆபீசில் கொடுத்தேன். நாளைக்குப் பெரட்டில் வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆயாம்மா வீட்டில் தங்கி, விடிந்ததும் அவரோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதுக்குப் பிறகு ஒரு பெரட்டில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை.

பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். செடி கிழிக்காமலும் ஈரம் படாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் நின்றாள், என் பக்கம் திரும்பவில்லை. ஆண்கள் வரிசையில் அவள் கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தான். நல்ல குரல் அவனுக்கு. நிறுத்தி நிதானமாக வாசித்தான்.

அவன் தாளை விரித்ததுமே சில கைகள் நின்றுவிட்டன. மற்றவர்கள் அவர்கள்பாட்டுக்குச் சாக்கைக் கட்டினார்கள், வெற்றிலையைத் துப்பினார்கள், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தார்கள். இந்தச் சிலர் மட்டும் சாக்கின் இரண்டு முனையையும் பிடித்தபடி, முடிச்சுப் போடாமல் நின்றார்கள். பீலியில் பார்த்தவள் அப்படி நின்றாள். தையில் கல்யாணம் என்றவள் அப்படி நின்றாள். அழிச்சிருங்க என்றவள், அவள், பிறகு எனக்கு முகம் தெரியாதவர்கள். தொழில் பழக்கம், எண்ணிவிட்டேன். பதினொரு பேர்.

வாசித்து முடித்த பிறகும் அந்தக் கைகள் அசையவில்லை. அவன் வாயிலிருந்து வந்ததை அவர்கள் நம்பவில்லை. அவன் தாளை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மிஸ்ஸே வந்திருக்காங்க, அவங்க வாயாலயே கேட்டுக்குவோம். அப்ப நம்ம டிவிசன்ல அப்படி யாரும் இல்ல. சரிதானுங்களே மிஸ்?"

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரிதாங்க" என்றேன்.

அவர்கள் முடிச்சை இறுக்கிப் போட்டுக்கொண்டு, அவன் காட்டிய மலைக்கு ஏறினார்கள்.